ஸ்மார்ட் மீட்டரும் ஏறிப் பார்க்காத நான்கு வீடுகளும்

நான் பொறாமைக்காரன். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்தால் அசிங்கம்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி மின்சார சபைக் காரியாலயத்தில் கேட்டார்கள். மீட்டர் வாசிப்பது எப்படி என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். உங்கள் காலத்தில் மீட்டர் தன்னைத்தானே வாசித்து, எண்ணைத் தானே அனுப்பிவிடுகிறது. பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் முப்பது வருடத்துக்கு மேல் மழைக்கோட்டோடும் கொப்பியோடும் ஏறி இறங்கியவன் நான். என் முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம், அதைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்க முடியாது. அதனால், என் சொந்த வீட்டில் ஸ்மார்ட் மீட்டர் போடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க நான் பட்ட பாட்டை மட்டும் எழுதுகிறேன். அதில் உங்களுக்கு வேண்டியது இருக்கிறது.

ஓய்வுபெற்ற பிறகு நானும் மனைவி சரோஜாவும் ஹட்டன் டவுனுக்குக் கொஞ்சம் மேலே ஒரு சின்ன வீட்டில் இருக்கிறோம். ஒருநாள் காலையில் வாசலில் காரியாலயத்து வண்டி வந்து நின்றது. அதிலிருந்து ரமணி இறங்கினாள்.

ரமணியை உங்களுக்குத் தெரியும், உங்கள் மேற்பார்வையாளர். எனக்கு அவள் எங்கள் பக்கத்தில் மீட்டர் வாசிக்க வந்த முதல் பெண்பிள்ளை. வேலைக்கு வந்த நாளில், ‘இந்த மேட்டில் இது எங்கே ஏறப்போகிறது’ என்று நான் நினைத்தேன். அவள் ஏறினாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, பிறகு பரீட்சை எழுதினாள், பாஸானாள், இப்போது புது மீட்டர் திட்டமே அவள் கையில். நான் சேரும்போது என்ன வேலையோ அதே வேலையில்தான் ஓய்வு பெற்றேன். அவள் வண்டியில் இறங்கியபோது என் வயிற்றில் என்ன எரிந்தது என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

“சேர், உங்க வீட்டுக்கும் ஸ்மார்ட் மீட்டர் போடலாம். விருப்பம்னா மட்டுந்தான். இந்தப் படிவத்துல ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்” என்றாள்.

“எதுக்கும்மா? பழசு நல்லாத்தானே ஓடுது.”

“போன்லயே பார்த்துக்கலாம் சேர். அன்னன்னைக்கு எவ்வளவு ஓடுதுன்னு தெரியும். மரம் விழுந்து லைட்டு போனா நீங்க கோல் எடுக்காமலே காரியாலயத்துக்குத் தெரிஞ்சிடும். யாரும் வீட்டுக்கு வர வேண்டியதில்ல. யாரும் மீட்டரப் பார்க்காம குத்துமதிப்பா எழுதவும் வேண்டியதில்ல.”

கடைசி வாக்கியம் என் மீது வந்து விழுந்தது. அவள் குத்திச் சொன்னாளா, சும்மா சொன்னாளா என்று முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. நான் வரிசையாகக் காரணங்களை எடுத்து வைத்தேன். பள்ளத்தாக்கில் சிக்னல் இல்லை. வயதானவர்களுக்குப் போன் பார்க்கத் தெரியாது. பில் கட்டத் தாமதமானால் தூரத்திலிருந்தே லைட்டை வெட்டிவிடுவார்கள், வெட்ட வருகிறவனிடம் இரண்டு நாள் தவணை கேட்கக்கூட ஆள் இருக்காது. எல்லாமே உண்மையான காரணங்கள்தான். நீங்களும் வீடு வீடாகப் போகும்போது இவற்றுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும். ரமணி ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். சிக்னல் இல்லாத இடத்தில் இப்போதைக்குப் போடமாட்டோம் என்றாள். தவணை கேட்கிறதைப் பற்றி மட்டும், “அது நீங்க சொல்றது நியாயந்தான் சேர், நானும் மேலிடத்துல எழுதியிருக்கேன்” என்றாள். அவள் ஒத்துக்கொண்டது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

“யோசிச்சுச் சொல்றேன்” என்று படிவத்தை வாங்கி வைத்தேன்.

வண்டி போன பிறகு சரோஜா கேட்டாள்: “அந்தப் புள்ளகிட்ட ஏங்க இப்பிடிச் சத்தம் போட்டீங்க?”

“நான் எங்கடி சத்தம் போட்டேன்? காரணம் சொன்னேன்.”

“காரணத்த மெதுவாவும் சொல்லலாம். ஒங்களுக்கு வயித்தெரிச்சல்.”

முப்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவளிடம் எதை மறைப்பது? ஆனால் அன்றைக்கு அவளுக்கும் பாதிதான் தெரியும். மீதிப் பாதி இதுதான்.

என் வட்டாரத்தில் ஒரு தோட்டம். ரோட்டோரத்தில் ஒரு லயம், தொழிலாளர்களின் எட்டு வீடு ஒரே வரிசையில். அதற்கு மேலே செங்குத்தான படிகள் ஏறிப்போனால் மேட்டு லயம், நாலு வீடு. அந்த நாலு வீட்டுக்காகப் படியேறி இறங்கினால் அரைமணி நேரம் போய்விடும். ஒரு மழைக்காலத்தில் அந்தப் படிகளில் பாதி சரிந்துபோனது. மண் வழுக்கியது, அட்டை வேறு. முதல் மாதம் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, போன மாதத்து எண்ணோடு கொஞ்சம் கூட்டி நாலு வீட்டுக்கும் எழுதினேன். பில்லை ரோட்டோரத்துப் பிள்ளை மடுவத்தில் கொடுத்துவிட்டேன். தாய்மார் வேலை முடிந்து குழந்தைகளைத் தூக்க வரும்போது ஆயம்மா பில்லையும் சேர்த்துக் கொடுத்துவிடுவாள்.

இரண்டாவது மாதமும் மழை. மூன்றாவது மாதம் மழை விட்டிருந்தது, எனக்குத்தான் பழகிவிட்டது. பகலில் எல்லாரும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள். மீட்டர்காரன் வந்தானா இல்லையா என்று பார்க்க லயத்தில் ஆள் இல்லை. இப்படியே ஆறு மாதம் போனது.

நம்முடைய வாடிக்கையாளர்கள் ஒரு வார்த்தை சொல்வார்கள், நீங்களும் கேட்டிருப்பீர்கள். “பார்த்துப் போடுங்க ஐயா.” மனமிரங்கிக் குறைத்துப் போடு என்று அர்த்தம். என்னைக் கண்ட இடத்திலெல்லாம் அதைச் சொல்வார்கள், எனக்கும் அது பிடிக்கும். ஏதோ என் பேனாவில்தான் அவர்களுடைய வெளிச்சம் இருக்கிறது என்று ஒரு நினைப்பு. அந்த நாலு வீட்டுக்கும் நான் குறைத்துத்தான் போட்டேன், ஆனால் பார்க்காமல் போட்டேன். மீட்டரோ தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது எனக்கு வயிற்றில் ஓர் ஒப்பரேஷன். ஒரு மாத லீவு. என் வட்டாரத்துக்கு ரமணியை அனுப்பினார்கள், அவள் வேலைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவள் படியேறிப் போய், நாலு மீட்டரையும் பார்த்து, உள்ளதை உள்ளபடி எழுதினாள். ஆறு மாதமாக நான் விட்டது அத்தனையும் ஒரே பில்லில் வந்து விழுந்தது.

மேட்டு லயத்தில் மாரியாயி என்று ஓர் அம்மா. புருஷன் இல்லை, ஒரு மகள், அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்தாள். மாரியாயியால் அந்தப் பில்லைக் கட்ட முடியவில்லை. லைட்டை வெட்டினார்கள். மகள் குப்பி லாம்பில் படித்தாள்.

லீவு முடிந்து முதல் நாள் நான் பஸ்ஸை விட்டு இறங்கினேன். மடுவத்துக்கு முன்னால் பெண்கள் பத்துப் பேர் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். மாரியாயிதான் முன்னால் நின்றாள்.

“நீங்க எழுதினவரைக்கும் எல்லாம் சரியா வந்திச்சுங்க ஐயா. அந்தப் புள்ள வந்து கை வச்சதும் மீட்டரு கண்ணு மண்ணு தெரியாம ஓடிருச்சு. அது என்னத்த எழுதிச்சோ!”

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நீங்களும் ஒருநாள் இந்த மாதிரி பத்துப் பேருக்கு நடுவில் நிற்பீர்கள். யோசிக்க நேரம் கிடைக்காது. உண்மையைச் சொல்ல ஒரு நிமிடம்தான் இருக்கும். அந்த நிமிடத்தில் எனக்குப் பயம் இருந்தது என்றால் நீங்கள் மன்னிப்பீர்கள். பயத்தைவிடப் பெரிதாக வேறொன்று இருந்தது. நான் ஏறாத படியில் ஒரு சின்னப் பெண் ஏறியிருக்கிறாள். சரிந்து கிடந்த அந்தப் படியில், முதல் தடவையிலேயே. அது எனக்குப் பொறுக்கவில்லை.

“புதுசுதானே” என்றேன். “போகப் போகச் சரியாகிடும்.”

அவ்வளவுதான் சொன்னேன். அவள் தப்பாக எழுதினாள் என்று நான் சொல்லவே இல்லை. அன்று இரவு அதைச் சொல்லித்தான் என்னை நானே தேற்றிக்கொண்டேன். பொய்யே சொல்லாமல் ஒருத்தியைப் பொய்யாக்கிவிட்டேன் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். அடுத்த மாதத்திலிருந்து நான் ஒழுங்காகப் படியேறி, ரமணி எழுதிய எண்ணிலிருந்து தொடர்ந்து எழுதினேன். பில் வழக்கம்போல வந்தது. “பாத்தீங்களா, ஐயா வந்ததும் சரியாப்போச்சு” என்றார்கள். சின்ன லயமானாலும் பேச்சு பெரிய தோட்டம் முழுக்கப் பரவும். அந்தப் பக்கத்தில் ரமணிக்கு ‘மீட்டர ஓட வச்ச புள்ள’ என்று பேர் விழுந்தது. காரியாலயத்தில் யாரும் எதையும் கேட்கவில்லை. மீட்டரில் இருந்த எண்ணும் பில்லில் இருந்த எண்ணும் ஒன்றாக இருந்தன, அவர்களுக்கு அது போதும். ரமணியும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்காததைக்கூட நான் திமிர் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

இனி இந்தக் காலத்துக்கு வருகிறேன். ரமணி வந்துபோன அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஹட்டனுக்குச் சாமான் வாங்க வந்த மாரியாயி என் வீட்டுக்கு ஏறி வந்தாள். தலை நரைத்துவிட்டது. மகள் கல்யாணமாகிக் கொழும்பில் இருக்கிறாளாம்.

“ஐயா, எங்க ரெண்டு லயத்துக்கும் புது மீட்டரு போடப் போறாங்களாம். அந்தப் புள்ளதான் வந்து சொல்லிச்சு. பழைய மீட்டரையே அது ஓட வச்சது. இப்ப அது கொண்டாற மீட்டர நம்பலாமா? நீங்க ஒங்க வீட்டுக்குப் போடுறீங்களா? நீங்க போட்டா நாங்களும் போடுறோம். பன்னெண்டு வீட்டாளுகளும் இதைத்தான் கேட்டு வரச் சொன்னாங்க.”

அந்த நேரத்தில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! ஓய்வுபெற்று இத்தனை வருடம், இன்னும் என் வார்த்தைக்குப் பன்னிரண்டு வீடு காத்திருக்கிறது. ரமணியிடம் வண்டி இருக்கிறது, பதவி இருக்கிறது, இது இல்லை.

“நான் போடலம்மா” என்றேன். “ஒங்க இஷ்டம்.”

மாரியாயி தலையை ஆட்டிக்கொண்டு பையைத் தூக்கினாள்.

புதன்கிழமை பழைய நண்பர் ஒருவர், இன்னும் சேவையில் இருப்பவர், பேச்சோடு பேச்சாகச் சொன்னார். பன்னிரண்டு வீடும் ஒரே குரலில் மறுத்துவிட்டதாம். சிக்னல் நன்றாக இருக்கிற தோட்டம் என்று பார்த்துப் பார்த்து ரமணிதான் அந்த இடத்தைத் தெரிவு செய்திருந்தாள். தோட்டப் பக்கத்து மக்களிடம் அவளுக்கு நல்ல பேரில்லை, வேறொருவரைப் போடலாம் என்று மேலிடத்தில் பேச்சு நடக்கிறதாம். வெள்ளிக்கிழமை கூட்டம். அதற்குள் அந்த லயங்கள் சம்மதிக்காவிட்டால் திட்டம் அவள் கையை விட்டுப் போய்விடும்.

எனக்கு முதலில் என்ன தோன்றியது என்று ஒளிக்காமல் சொல்கிறேன். ‘போகட்டும்’ என்று தோன்றியது. ஒரு முழு மணி நேரம் அந்தச் சந்தோஷத்தோடு உட்கார்ந்திருந்தேன். சரோஜா மத்தியானச் சோற்றைப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

“என்னாங்க, லொத்தர் விழுந்திருச்சா?”

விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பழைய பாதியையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அவள் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அப்ப அந்தப் புள்ளயோட பேர ரெண்டு தடவ கெடுத்திருக்கீங்க.”

ஏசியிருந்தால் பதிலுக்கு நானும் ஏசியிருப்பேன். அவள் எண்ணிக்கைதான் சொன்னாள். அது சரியாக இருந்தது.

வியாழக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் போனேன். காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் பதியப் போகுமுன் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள் என்று கணக்கு. முழங்கால் வலியோடு அந்தப் படிகளில் ஏறினேன், இப்போது கொங்கிரீட் போட்டிருக்கிறார்கள். மாரியாயி இஸ்தோப்பில், வீட்டு முன்திண்ணையில், தலைத்துண்டைக் கட்டிக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் மற்ற வீட்டுக்காரர்களும் வந்தார்கள். கீழே ரோட்டு லயத்து ஆட்கள் சிலரும் ஏறி வந்தார்கள்.

“அன்னைக்கு அந்தப் புள்ள எழுதினது சரி” என்றேன். “பிழையா எழுதினது நான். ஆறு மாசம் நான் இங்க ஏறி வரவே இல்ல. கீழ நின்னு மனம்போன போக்குல எழுதினேன்.”

மாரியாயி சிரித்தாள்.

“ஐயாவுக்கு நல்ல மனசு. அந்தப் புள்ளக்கி வேல போயிருமேன்னு இப்பிடிப் பழியத் தூக்கித் தலையில போட்டுக்கிறீங்க. நாங்க நம்ப மாட்டோம்.”

இப்படி ஒரு தண்டனையை நான் எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொல்லியும் நல்லவனாகவே நிற்கிறேன்! அப்படியே இறங்கிப் போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, நம்பாதது அவர்கள் பாடு.

“மாரியாயி, நீங்க நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. படி சரிஞ்ச அந்த மழைக்கு, நான் இந்த இஸ்தோப்புல நின்னத யாராவது ஒருத்தர் பார்த்தீங்களா? பில்லு யாரு கையால வந்திச்சு?”

அவள் பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்தாள். அவள் இன்னொருத்தியைப் பார்த்தாள்.

“மடுவத்துல ஆயம்மா குடுத்திச்சு” என்றாள் மாரியாயி மெதுவாக. “நாங்க மலைக்குப் போயிருக்கிற நேரம் நீங்க வந்துட்டுப் போயிருப்பீங்கன்னு நெனச்சோம்.”

“வரல.”

அவள் தலைத்துண்டை அவிழ்த்தாள், திரும்பவும் கட்டினாள். அவள் தன் பில்லைப் பற்றி, வெட்டிய லைட்டைப் பற்றி, மகளின் பரீட்சையைப் பற்றிக் கேட்பாள் என்று நின்றேன். எல்லாவற்றுக்கும் பதில் தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன்.

“அந்தப் பில்லு வந்தப்ப அந்தப் புள்ளய நான் வெளக்குமாத்தால வெரட்டினேன் ஐயா” என்றாள். “ஒங்களுக்காக.”

பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் போனார்கள். மாரியாயி என்னைப் போகச் சொல்லவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை.

அன்று மாலைக்குள் பன்னிரண்டு வீட்டுப் படிவங்களும் கையெழுத்தாகிப் போனதாகப் பிறகு அறிந்தேன். மாரியாயி தன் கையாலேயே வீடு வீடாக வாங்கிக் காரியாலயத்துக்கு அனுப்பியிருக்கிறாள். தூரத்திலிருந்து வெட்டுவதற்கு முன்னால் ஆள் வந்து சொல்ல வேண்டும் என்று அடியில் ஒரு வரியும் எழுதச் சொல்லியிருக்கிறாள். காரியாலயத்தில் அந்த வரியை எழுதிச் சேர்த்தது ரமணி.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் திட்டம் அவள் கையிலேயே தங்கியது. சனிக்கிழமை ரமணி என் வீட்டுக்கு வந்தாள். வண்டியில் வரவில்லை, நடந்து வந்தாள். சரோஜா அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். நான் கையெழுத்துப் போட்ட படிவத்தை மேசையில் வைத்தேன்.

“நல்லா யோசிச்சீங்களா சேர்?”

“யோசிச்சேன். சிக்னல் இருக்கு, ஒழுங்கான ஆள் கையில இருக்கு. போதும்.” அதற்கு மேல் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. வேறு ஒரு கேள்விதான் வாயில் வந்தது. “அன்னைக்கே நீ ஏம்மா உண்மையச் சொல்லல? நான் ஏறல்லன்னு ஒனக்குத் தெரியுந்தானே?”

“சொன்னேன் சேர்” என்றாள்.

“யார்கிட்ட?”

“லயத்துலதான். பில்லு வந்த கிழமையே நானா ஏறிப் போனேன். ‘இது ஆறு மாசத்துக் கணக்கு, முந்தி எழுதினவரு மேல வரவே இல்ல’ன்னு சொன்னேன். மாரியாயி அக்கா வெளக்குமாத்தத் தூக்கிட்டாங்க. ‘எங்க ஐயா மழையில நனஞ்சு வந்து எழுதுறவரு, அவரப் பத்திப் பேச நீ யாருடி’ன்னாங்க.”

சரோஜா உள்ளே போய்விட்டாள். நான் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அழுதுகிட்டேதான் எறங்கினேன்” என்றாள் ரமணி. “ஆனா அவங்க மேலயும் கோவமில்ல, ஒங்க மேலயும் கோவமில்ல சேர். பொறாமையாத்தான் இருந்திச்சு. என்னைக்காவது ஒருநாள் எனக்காகவும் யாராவது அப்பிடி வெளக்குமாத்தத் தூக்கணும்னு.”